மிச்சப் பலகை

அத்தியாயம் 11

காலை ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடித்தது. குணாளன் அதை நிறுத்தினான். எழுந்து கெட்டிலில் தண்ணீர் வைத்தான். தண்ணீர் கொதிப்பதற்குள் பல் விளக்கி முடித்தான். கோப்பியில் சீனி போடவில்லை. சீனி தீர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வாங்க வேண்டும் என்று வீட்டில் தோன்றும். கடைக்குப் போனால் மறந்துவிடும். சட்டைக்கு இஸ்திரி போட்டான். பால்கனிக் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்தான். ஒருவருடைய துணிதான். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஆறரைக்குக் கீழே ஹாரன் சத்தம் கேட்டது. மைத்துனன் ரூபேந்திரன் வந்துவிட்டான்.

மனைவி ஷர்மினி போய் எட்டு மாதம். நாலே நாள் டிங்கிக் காய்ச்சல். அவளுக்கு முப்பத்தொரு வயதுதான். மூவாரில் அலமாரி, மேசை செய்யும் ஒரு தளவாடத் தொழிற்சாலைக்காக அவள் எழுதிக் கொடுத்த பலகை வெட்டும் புரோகிராமை இப்போது சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று கேட்கிறது. கூடவே அவள் தம்பிக்கு வேலையும் தருவதாகச் சொல்கிறது. போன வாரம் அங்கிருந்து ஓர் உறுதிமொழிப் பாரம் வந்தது. ‘இந்த மென்பொருள் ரூபேந்திரன் கமலநாதனின் சொந்தப் படைப்பு. வேறு எவருக்கும் இதில் உரிமை இல்லை.’ கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடுகள். ஒன்றில் ரூபேந்திரன் போட்டுவிட்டான். மற்றது ஷர்மினியின் கணவனுக்கு.

போடுவதில் குணாளனுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. இந்த எட்டு மாதத்தில் எதற்குமே அவனுக்குப் பெரிய ஆட்சேபம் இருந்ததில்லை.

“பசியாறிட்டீங்களா மச்சான்?”

“கோப்பி குடிச்சேன்.”

“அது பசியாறுறதா? யோங் பெங்ல நிப்பாட்டுறேன்.”

“வேணாம். ஓட்டு.”

மூவாருக்குப் போகும் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டே இருந்தது. ரூபேந்திரனுக்கு இருபத்தாறு வயது. பழைய கம்பெனியில் பாதிப் பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் அவனும் ஒருவன். ஏழு மாதமாக வேலை இல்லை. இன்று புதுச் சட்டை போட்டிருந்தான். கழுத்துப் பட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை.

“அக்கா எழுதுனது பதினோராயிரம் வரி மச்சான். நான் ஏஐகிட்ட குடுத்து ரெண்டே நாள்ல ரெண்டாயிரத்துச் சொச்சமா ஆக்கிட்டேன். வேகமும் கூடிருச்சு. கழிவு ஒம்பது பர்சென்ட்லேர்ந்து ஆறுக்கு எறங்கிருச்சு.”

“ஆறா?”

“ஆறு! அக்கா லாஜிக்ல ஒரு எடத்துல பக் இருந்துச்சு. நல்லா அடுக்கிக்கிட்டு வர்றத வேணும்னே கலைக்கிற மாதிரி. அத எடுத்துட்டேன். ஒரு வாரமா பேக்டரியில இதான் ஓடுது.”

 குணாளன் கண்ணாடி வழியே செம்பனையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஷர்மினி அந்தப் புரோகிராமை எழுதிய எட்டு மாதமும் வீட்டில் காகிதத் துண்டுகளாகவே கிடக்கும். பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி, எது கிடைத்தாலும் கத்தரித்துவிடுவாள். அலமாரிக் கதவு மூன்று, தட்டு ஏழு, இழுப்பறை முகப்பு நான்கு என்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கட்டில்மேல் பரப்பி வைத்துக்கொண்டு, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள். அவன் அந்தத் துண்டுகளின்மேல் படுத்துத் தூங்கியிருக்கிறான். ஒருநாள் ஆபீசில் உடன் வேலை பார்க்கும் மார்கஸ் அவன் முதுகிலிருந்து ஒன்றை உரித்தெடுத்து, “கதவு மூனு, சார். உங்க முதுகுல இருந்துச்சு” என்று கையில் கொடுத்தான்.

குணாளனும் புரோகிராமர்தான். வங்கிக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவன் கொள்கை எளிமையானது. எவனோ ஏற்கெனவே எழுதி வைத்திருப்பான், தேடி எடு, ஒட்டு, ஓடுகிறதா பார், வீட்டுக்குப் போ. ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த காலத்திலேயே இதற்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

“எல்லாரும் ஒரே எடத்துலேர்ந்து எடுத்தா எல்லாருக்கும் ஒரே தப்புதான் குணா வரும்.”

“ஒரே தப்புன்னா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. அதுதான் பாதுகாப்பு.”

“ச்சீ, நீயெல்லாம் ஒரு இன்ஜினியரு!”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு காதில் சரியாக வரவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வார்த்தை நினைவில் இருக்கிறது, சத்தம் தேய்கிறது.

ஒன்பது மணிக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்தார்கள். மரத்தூளும் பசையும் கலந்த வாடை. ரூபேந்திரன் நேரே முதலாளி தவுக்கேயின் ஆபீசுக்குப் போய்ப் பெரிய திரையை மாட்ட ஆரம்பித்தான். சிங்கப்பூரிலிருந்து ஆள் வரப் பதினொரு மணி ஆகும். குணாளன் வெட்டும் கூடத்துப் பக்கம் நடந்தான்.

அங்கே ரம்ப மெஷினை ஓட்டுகிறவள் யோகேஸ்வரி. நாற்பதைத் தொடும் வயது. காதில் பஞ்சு, தலையில் துண்டு, வாயில் யாருக்கும் அடங்காத பேச்சு. அவனைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

“வாங்க. எளச்சிட்டீங்க. சாப்புடறதில்லையா? சரி, அத விடுங்க. கம்பியூட்டர என்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

“ஏன், ஓடலையா?”

“ஓடுதே! ஓடாமப் போனாக்கூட நிம்மதி. இங்க வாங்க.” மெஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். சுவரோரமாக ஆள் உயர இரும்புத் தட்டு அடுக்கு ஒன்று. காலியாக இருந்தது. “ராக்கப் பாத்தீங்களா? இப்ப இந்தக் குப்பைத் தொங்கப் பாருங்க.”

தொட்டி நிறைய மூன்று விரல் அகலத்தில் நீள நீளமான சிம்புகள்.

“உங்க வீட்டுக்காரம்மா போட்ட பிளான்ல சாயங்காலம் மெஷின நிப்பாட்டுறப்ப கையில பெருசா ஒரு துண்டு நிக்கும். பத்திரமா ராக்குல வைப்பேன். மறுநா காலையில மொத வெட்டே அதுலதான். இப்ப ஒரு வாரமா வெறும் குச்சி. அடுப்பெரிக்கக்கூட ஆவாது. பதினோரு புதுப் பலகை கூடுதலாப் பிரிச்சிட்டேன். தவுக்கே இன்னும் பாக்கல. பாத்தா யாரத் திட்டுவாரு? கம்பியூட்டரயா? யோகேஸ்வரியத்தான்!”

குணாளன் ஒரு சிம்பை எடுத்துப் பார்த்தான். கழிவு ஆறு பர்சென்ட். கணக்கு சரிதான். ஆனால் இந்த ஆறு இனி ஒன்றுக்கும் உதவாது. ஷர்மினியின் ஒன்பதோ கழிவே இல்லை. மறுநாளைக்கு எடுத்து வைத்தது.

“அதுக்கு முன்னாடி வெளிநாட்டுப் புரோகிராம் ஒன்னு வச்சிருந்தாங்க” என்றாள் யோகேஸ்வரி. “இதே மாதிரிதான் குச்சி குச்சியாத் தள்ளும். நான் அந்தத் தாளையே பாக்க மாட்டேன். சாக்கட்டில கோடு இழுத்து என் இஷ்டத்துக்கு வெட்டுவேன். வர்ற இன்ஜினியருங்கள்ளாம் தவுக்கேகிட்டப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருவானுங்க. இந்தப் பொண்ணு மட்டும் என் பக்கத்துல ஸ்டூல் போட்டு மூனு நாளு சும்மா ஒக்காந்துருந்துச்சு. மூனாவது நாளு, ‘ஏன்க்கா தாளப் பாக்க மாட்டேங்கிறீங்க’ன்னுச்சு. ‘எனக்கு நாளைக்கும் வேல இருக்குதுல்ல’ன்னேன். அவ்ளோதான். சடார்னு எந்திரிச்சுப் போயிருச்சு. அலமாக், கோவிச்சிக்கிச்சு போலன்னு நெனச்சேன்.”

அந்த மூன்றாவது நாள் சாயங்காலம் குணாளனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூவாரிலிருந்து பஸ் ஏறி வந்தவள் தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே மேசையில் உட்கார்ந்தாள். அவன் சோறு போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“குணா, எல்லாப் புரோகிராமும் இன்னிக்குச் சாயங்காலத்தோட ஒலகம் முடிஞ்சிரும்னு நெனச்சு வெட்டுது. நாளைக்குன்னு ஒன்னு இருக்குதுன்னு அதுக்கு யாருமே சொல்லல!”

“சரி. சாப்புடலாமா?”

அன்றைக்கு அவன் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். ஒரு புது யோசனை பிறந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆள் அவன் ஒருவன்தான். அப்போது அவன் கண் ரசம் ஆறிப் போவதில் இருந்தது.

யோகேஸ்வரியின் மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தான். பழையதையும் புதியதையும் அருகருகே வைத்தான். ரூபேந்திரன் எடுத்துவிட்ட இடம் நாற்பது வரி. சாயங்காலம் மிஞ்சப்போகும் துண்டுக்கு மதிப்பெண் போடுகிற இடம். மிச்சம் எத்தனை அகலமாக, எத்தனை சதுரமாக நிற்கிறதோ அத்தனை மார்க். அந்த மார்க்குக்காக நல்ல அடுக்கைக்கூட அது கலைக்கும். தெரியாதவன் பார்த்தால் பிழை என்றுதான் சொல்வான்.

அந்த நாற்பது வரிக்கு மேலே ஷர்மினி தமிழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். அவள் குறிப்பெல்லாம் தமிழில்தான். ஏனென்று கேட்டால், “திட்டுறதுக்கு இதான் வசதி” என்பாள்.

ரூபேந்திரனைக் கூப்பிட்டான். வந்தான்.

“இத எடுக்குறதுக்கு முன்னாடி மேல எழுதியிருக்கிறதப் படிச்சியா?”

“தமிழ்ல இருக்கு மச்சான். எனக்கு எங்க தெரியும்? அக்காதான் தமிழ் ஸ்கூலு. என்னத்தான் அப்பா மலாய் ஸ்கூல்ல போட்டாரே. ஏஐகிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி குறிப்பு எல்லாத்தையும் தொடச்சிட்டேன். கிளீனா இருக்கட்டும்னு.”

குணாளன் படித்தான். “‘இது தப்பு மாதிரித் தெரியும். தப்பு இல்ல. ஒரு நாள் ஆர்டர வச்சுப் பாக்காத. ஒரு வாரம் வச்சுப் பாரு. அப்பயும் புரியலன்னா யோகேஸ்வரி அக்காவுக்குப் போன் போடு.’ கீழ நம்பர் இருக்கு.”

“என் நம்பரா?” என்றாள் யோகேஸ்வரி.

குணாளன் திரையை அவள் பக்கம் திருப்பினான். 

“முப்பது நாள் ஆர்டர டெஸ்ட் பண்ணேன் மச்சான்” என்றான் ரூபேந்திரன். “முப்பதுலயும் அக்காவோடத ஜெயிச்சேன்.”

“ஒவ்வொரு நாளையும் புதுப் பலகையிலேர்ந்து ஆரம்பிச்சியா?”

  ரூபேந்திரன் மக்கு இல்லை. காலியான ராக்கைப் பார்த்தான், தொங்கைப் பார்த்தான். 

“முப்பது தடவையும் மொத நாள்தான் ஓட்டியிருக்கேன்” என்றான் மெதுவாக.

“ம்.”

“திரும்பப் போட்டுரலாம் மச்சான். நாப்பது வரிதான? ஒரு மணி நேரம் போதும்.”

“போடலாம். போட்டா அது யாரோடது?”

ரூபேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்தான். 

“அக்கா இல்ல மச்சான். அவங்க பேரப் போட்டு அவங்களுக்கு என்னா கெடைக்கப் போவுது? என் பேரப் போட்டா எனக்கு ஒரு வேல கெடைக்கும். தப்பா?”

தப்பு என்று சொல்லக் குணாளனுக்கு வாய் வரவில்லை. சரி என்றும் வரவில்லை. நல்ல வேளையாக ஆபீசிலிருந்து தவுக்கே கையாட்டிக் கூப்பிட்டார்.

சிங்கப்பூர்க் கம்பெனியிலிருந்து வந்தவள் ஜோஆன். ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவள். பதினைந்து வருடமாகத் தினமும் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டிப் போய் வேலை செய்கிறவள். கழுத்தில் சின்னச் சிலுவை. பாலில்லாத கோப்பி ஓவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ரூபேந்திரனின் திரையை இமைக்காமல் பார்த்தாள்.

“ஆறு பர்சென்ட். நல்லாருக்கு. ஆனா ஆறு எங்ககிட்டயே இருக்குப்பா. அதுக்கா நான் மூவாருக்கு வந்தேன்? தவுக்கே ரெண்டு வருஷமா பலகை வாங்குறதுல பத்துல ஒரு பங்கு கொறச்சிருக்காரு. அது எப்படி லா? அந்த எடம் எங்க இருக்கு? எனக்கு அதத்தான் வாங்கணும்.”

ரூபேந்திரன் மவுசைக் கீழே விட்டான். “இருக்கு மேடம். அது மிச்சப் பலகைக்கு மார்க் போடுற பகுதி. இந்த வெர்ஷன்ல ஆப் பண்ணி வச்சிருக்கேன்.”

ஜோஆன் முன்னால் சாய்ந்தாள். “மிச்சத்துக்கு மார்க்கா?” கோப்பையைத் தள்ளி வைத்தாள். “யாரு யோசிச்சது இத?”

“நான்தான்” என்றான் ரூபேந்திரன்.

சட்டென்று வந்துவிட்டது. சொன்னவனே திடுக்கிட்டதுபோல் இருந்தது. ஜோஆன் குணாளன் பக்கம் திரும்பினாள். பாரத்தை மேசையில் அவன் முன்னால் நகர்த்தினாள்.

“மிஸ்டர் குணாளன், இது உங்க மனைவி ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியும். இந்த யோசனை தம்பியோடதுதானா? நீங்க கையெழுத்துப் போட்டா நான் வேற எதுவும் கேக்க மாட்டேன்.”

பேனாவும் அவளே கொடுத்தாள்.

எட்டு மாதமாக எது நீட்டப்பட்டாலும் கையெழுத்துப் போட்டவன் குணாளன். ஆஸ்பத்திரியில், பதிவிலாகாவில், இன்சூரன்சில், எல்லா இடத்திலும். பேனாவைப் பிடித்தான். கை நகரவில்லை. வலித்தது. உடம்பில் ஓரிடத்தில் வலி தெரிந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“பத்து நிமிஷம் குடுங்க” என்று எழுந்தான்.

லாரிகள் நிற்கும் முற்றத்துக்கு ரூபேந்திரன் பின்னாலேயே ஓடி வந்தான். கையில் போன். யாருக்கோ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

“அப்பா, நீங்களே மச்சான்கிட்டச் சொல்லுங்க.”

கமலநாதன் லாபிஸ் ரயில் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போனில் பேசினாலும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக் கூப்பிடுகிற தொண்டை.

“மாப்ள! என்னா யோசன? பையன் வாழ்க்கை மாப்ள இது. அவ கடைசியா என்னா சொன்னா? ‘தம்பியப் பாத்துக்க’ன்னுதான சொன்னா? நான் இத வேற யாரு வாயால கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உங்க வாயால கேட்டேன். அவ சொன்னதக் காப்பாத்துங்க மாப்ள. ஒரு கையெழுத்து!”

அந்த வார்த்தை அந்த வீட்டில் எட்டு மாதமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. பேப்பரில் கொடுத்த கண்ணீர் அஞ்சலியில் ஷர்மினியின் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்தது. கருமாதிக்கு வந்தவர்களிடமெல்லாம் கமலநாதன் சொன்னார். ரூபேந்திரன் போனின் முகப்பில் அக்காவின் படம் இருந்தது; தனக்காகக் கடைசி மூச்சில் பேசியவள் என்று அவன் நம்பினான்.

“மாமா” என்றான் குணாளன். “அவ அப்படிச் சொல்லல.”

 போனில் எங்கோ டிவி ஓடுவது மட்டும் கேட்டது.

“என்னா மாப்ள?”

“ஆஸ்பத்திரியில நீங்க கேட்டீங்க, என்னா சொன்னான்னு. ரூபன் அழாம சொவத்தயே பாத்துக்கிட்டு நின்னான். எனக்கு வேற ஒன்னும் தோணல மாமா. நானாச் சொன்னதுதான் அது.”

ரூபேந்திரன் அவனையே பார்த்தான். லாரி ஒன்று பின்னோக்கி வந்து இருவரையும் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தது. இருவரும் நகரவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ மலாயில் திட்டிவிட்டு வளைத்துக்கொண்டு போனான்.

“இத இன்னிக்குத்தான் சொல்லணுமா மச்சான்?”

“இன்னிக்கு ரெண்டாவது பொய் ஒன்னு கேக்குறீங்க. மொதலத எடுத்தாத்தான் எனக்கு வழி தெரியும் ரூபன். அந்த நாப்பது வரி அவளோடது. நான் பக்கத்துல இருந்தேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அப்ப என் வேல?”

“தெரியல. உள்ள போ. யாரு யோசிச்சதுன்னு அந்தம்மா மறுபடியும் கேப்பாங்க. என்னா சொல்றதுன்னு நீயே முடிவு பண்ணு.”

 ரூபேந்திரன் போனைக் குணாளன் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தான். ஆபீஸ் கதவுவரை போனான். கைப்பிடியில் கை வைத்தபடி நின்றான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜோஆன் எழுந்து நிற்பது தெரிந்தது.

போன் இன்னும் அணையவில்லை.

“மாப்ள.” கமலநாதனின் தொண்டையில் இப்போது பாதிச் சத்தம்கூட இல்லை. “இருக்கீங்களா?”

“இருக்கேன் மாமா.”

“கோவம் இல்ல. அப்பறமாக் கோவம் வரும், அத அப்பப் பாத்துக்குவோம். எனக்கு ஒன்னு மட்டும் சொல்லுங்க. அவ நெசமா என்னாதான் சொன்னா?”

“பெருசா ஒன்னும் இல்ல மாமா.”

“பெருசா வேணாம் மாப்ள. அவ சொன்னது வேணும்.”

குணாளன் லாரியின் நிழலில் தரையில் உட்கார்ந்தான். நாலாவது நாள் காலை, பதினொரு மணி. காய்ச்சல் விட்டிருந்தது. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தாள். அவள் சொன்னதற்காகத்தான் அவன் கீழே போனான். பன்னிரண்டு நிமிடம். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். இதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வாயெடுத்தபோது, தேய்ந்து போயிருந்த அவள் சத்தம் காதில் அப்படியே வந்து நின்றது.

“‘பார்க்கிங்குக்குக் காசு போட்டியா? போட்டுருக்க மாட்ட. போ லா குணா, சம்மன் வந்துரும்.’”